நரம்பு பதில் சொன்னால் போதுமா?

லிட்டில் இந்தியாவை ஒட்டி, புக்கிட் தீமா சாலையில் இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் என்னும் செவிநரம்பைத் தூண்டும் கருவியைப் பொருத்தும் சிங்கப்பூர் மருத்துவமனைகளுள் ஒன்று. பிறந்த உடனேயே செவிப் பரிசோதனை நடக்கும் ஊர் என்பதால், கேட்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியாத வயதிலேயே பல குழந்தைகளுக்குக் குறை தெரிந்துவிடுகிறது. அவர்களுக்காகப் பேச வந்ததுதான் செவிநரம்பு அளவீடு. 1990களின் இறுதியில் நியூக்ளியஸ் 24 கருவியோடு இது பரவியது. காக்ளியா என்னும் உட்செவிச் சுருளுக்குள் செருகிய மின்முனை ஒன்று சிறு மின்துடிப்பை அனுப்பும். பக்கத்து மின்முனை நரம்பின் பதிலைப் பதிவுசெய்யும். ஒரு மில்லிநொடிக்குள் வந்து மறையும் அந்தப் பதிலை மைக்ரோவோல்ட்டில்தான் அளக்க முடியும். குழந்தை மயக்கத்தில் இருந்தாலும் இது கிடைக்கும்.

காயத்தைத் தைப்பதற்கு முன்பே கருவி இயங்குகிறது, நரம்பு விழித்திருக்கிறது என்று தெரிவது பெரிய பலம். ஆனால் மின்முனையின் நுனி மடங்கியிருந்தாலும் பதில் வரக்கூடும். எக்ஸ்ரே தேவைப்படுவது அதனால்தான். பதில் வராத குழந்தைக்கும் பின்னாளில் கேட்பதுண்டு. சிக்கல் வலுப்பது மேப்பிங்கில், அதாவது ஒவ்வொரு மின்முனைக்கும் ஒலியளவு வைக்கும்போது. நரம்பு பதில் தரத் தொடங்கும் அளவு, மெல்லிய ஒலி கேட்கும் அளவுக்கும் தாங்கக்கூடிய உச்சத்துக்கும் நடுவே பெரும்பாலும் விழுகிறது; நடுவே எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும். சோதனையில் நொடிக்குச் சில பத்துத் துடிப்புகள்தான். அன்றாடம் பேச்சைக் கேட்கும்போதோ ஒரு மின்முனைக்கே பல நூறு. அறுவை மேசையில் எடுத்த அளவும் சில வாரங்களில் இறங்கிவிடுவதுண்டு. அந்த எண்ணை அப்படியே உச்சமாக வைத்தால், சில குழந்தைகள் வலி தாங்காமல் தலையில் ஒட்டியிருக்கும் காயிலைப் பிடுங்கி எறிவார்கள். வேறு சிலருக்கு மெய்யெழுத்துகளே எட்டாது.

பத்து மாதக் குழந்தையிடம் வேறு எதைக் கேட்பது என்பார்கள். நியாயமான கேள்விதான். எந்த மின்முனைக்குக் கூடுதல், எதற்குக் குறைவு என்ற வடிவத்தை அளவீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மொத்த உயரத்தைக் குழந்தையின் கண்சிமிட்டலும் திரும்பிப் பார்ப்பதும் முடிவுசெய்யட்டும். ‘பல்’ என்பதும் ‘பால்’ என்பதும் வேறுவேறாகக் கேட்கின்றனவா என்பதை அந்த அளவீடு சொல்லாது; தமிழ் பேசும் வீட்டில் பாட்டி கவனித்துவிடுவார். அவர் சொல்வதைக் கேட்க மேப்பிங் நேரத்தில் இடம் வேண்டும். ஆண்டுகள் கழித்துக் கேட்கும் திறன் திடீரென்று குறைந்தால், முதல் நாள் பதிவோடு ஒப்பிடுவது பழுது எங்கே என்று தேட உதவும். அந்தப் பதிவின் நகல் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருக்க வேண்டும்.