அளந்த நிலமும் அளக்கப்படாத மனிதரும்: திருப்பூர் வட்டார ஊர் வரைபடங்கள் – ஒரு மதிப்பீடு

வட்டார வரலாற்றாய்வில் பழைய நில அளவை வரைபடங்கள் ஐயத்திற்கு இடமற்ற சான்றுகளாகவே பெரிதும் கையாளப்படுகின்றன. அவை எப்போது, எந்த அளவுகோலில் வரையப்பட்டன என்று கேட்கும் ஆய்வுகள், எதற்காக வரையப்பட்டன என்று கேட்பது அரிது. இன்று சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ள முதலிபாளையம் போன்ற ஊர்களின் வரலாற்றை எழுதுவோர்க்கு இவ்வினாவே முதன்மையானது.

1802இல் லாம்டன் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவை, இடங்களின் அமைவைத் துல்லியமாக நிறுவ முற்பட்டது. ஊர் வரைபடமோ ரயத்துவாரி வருவாய்த் தேவையின் விளைவு. புல எண், நிலவகை, மண் தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றைக் கொண்ட நிலவரித்திட்டப் பதிவேட்டுடன் இணைத்தே அதனைப் படிக்க இயலும்.

இங்கிலாந்தின் சந்தை நகரங்களை ஆராய்வோர் பயன்படுத்தும் வரைபடங்களுள், 1836ஆம் ஆண்டின் தசமபாக வரி மாற்றச் சட்டத்தை ஒட்டி எழுந்தவை குறிப்பிடத்தக்கன. அவையும் வரியின் பொருட்டே வரையப்பட்டன. ஆயினும் அவற்றின் இணைப்புப் பதிவேடு நில உடைமையாளரையும் நிலத்தை அனுபவிப்போரையும் தனித்தனி நிரல்களில் குறித்தது. சென்னை மாகாணத்துப் பதிவேடு பட்டாதாரரோடு நின்றுவிட்டது. வாரத்திற்கு உழுதவருக்கு அதில் நிரல் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவுசெய்வதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டது.

குடியிருப்பின் நிலையும் இத்தகையதே. தீர்வைக்கு உட்படாத கிராம நத்தம் பெரும்பாலும் வீடுதோறும் பகுக்கப்படாமல் ஒரே பரப்பாகக் காட்டப்பட்டது. எனவே தறி எவ்வீட்டில் இயங்கியது, கூலி உழைப்பாளர் எத்தெருவில் வாழ்ந்தனர் என்பவற்றுக்கு இவ்வரைபடங்களில் விடை கிடைக்காது. வரைபடத்தில் இல்லாமையைக் கொண்டு ஊரில் தொழில் இல்லை என முடிவுகட்டுவது பிழையாகும்.

வரைபடத்தின் மௌனங்களை அதிகாரத்தின் வெளிப்பாடாகக் கண்டவர் ஜே. பி. ஹார்லி. அக்கருத்தை இங்கு அப்படியே பொருத்துவதும் முழுமையாகாது. மறைக்கும் நோக்கத்தை நிறுவச் சான்று வேண்டும். வரி கிடைக்காததை அளக்காமல் விட்டமைக்கு நிருவாகச் சிக்கனமே போதிய விளக்கம். விளைவு மட்டும் ஒன்றே: உழைத்தோர் ஆவணத்திற்கு வெளியே நின்றனர்.

இதனால் இவ்வரைபடங்கள் பயனற்றவை ஆகா. குளம், ஓடை, வண்டிப்பாதை, புறம்போக்கு ஆகியவற்றின் எல்லைகளுக்கு அவை இன்றும் வலுவான சான்றுகள். தோட்டம் தொழிற்கூடமான பின்னும் புல எண் உட்பிரிவுகளோடு தொடர்வதால், நிலப்பயன்பாட்டின் மாற்றத்தைப் பின்தொடரவும் அவை உதவும். மனிதரைப் பற்றிய செய்திகளைக் கிரய ஆவணங்களிலும் வாய்மொழி வழக்காறுகளிலும் தேடி, வரைபடத்தோடு ஒப்பிட்ட பின்னரே திருப்பூர்ப் பகுதியின் தொழில் வரலாறு எழுதப்படுதல் வேண்டும்.