சராசரி என்னும் கதையாடல்

'விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம்' என்பதை ஒரு பிரதியாகத்தான் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லாப் பிரதிகளையும் போல இதிலும் பேசுகிறவர், பேசப்படுகிறவர், வெளியே நிறுத்தப்பட்டவர் என்று மூன்று தரப்பு உண்டு.

தேசிய மாதிரி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இந்தச் சராசரி 2012-13இல் ரூ.6,980, 2018-19இல் ரூ.11,924. எழுபது சதத்துக்கு மேல் உயர்வு, விலைவாசியைக் கழிக்காமல். சரி, உயர்ந்தது எது? அகில இந்தியக் கணக்கில் 2012-13இல் பயிரிலிருந்து ரூ.3,081, கூலி, சம்பளத்திலிருந்து ரூ.2,071. 2018-19இல் பயிர் ரூ.3,798, கூலி ரூ.4,063. பெயர் விவசாயக் குடும்பம். உலை கொதிப்பது கூலியில். கிணறு வற்றிய காட்டை அப்பன் பார்க்க, மகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வெளிமாநிலம் போகிற சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது புதிய செய்தியல்ல.

இனி, வெளியே நிற்பவர்கள். 2018-19 கணக்கில் இடம்பெற, ஒரு குடும்பம் முந்தைய 365 நாளில் ரூ.4,000க்கு மேல் விளைவித்திருக்க வேண்டும். ஒருவராவது சொந்தமாக விவசாயம் செய்திருக்க வேண்டும். அடுத்தவர் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி மட்டுமே பிழைக்கிற அருந்ததியர் குடும்பம் இந்த வரையறைக்குள் வராது. காட்டிலேயே கிடந்து உழைக்கிறவர் விவசாயி இல்லையாம்!

'குடும்பம்' என்பதும் அப்பாவிச் சொல் அல்ல. ஒரே அடுப்பில் உண்பவர்கள் ஒரு குடும்பம் என்கிறது ஆய்வு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் புருஷன் தறி ஓட்ட, பெண்டாட்டி தார் சுற்றுவாள். அவள் கூலி எவ்வளவு என்று கேட்டால், "அதையெங்கீங்க தனியாக் கணக்குப் பாக்கறது" என்பார்கள். அடுப்பு ஒன்றாக இருப்பதால் அவள் உழைப்பு கரைந்துபோகிறது.

அப்புறம் பாக்கி. தறிக்காரர் முதலாளியிடம் வாங்கும் முன்பணம். இது கட்டிப்போடும் கயிறா, கூலிக்காரர் பேரம் பேசும் பிடியா என்ற கேள்வியை மானிடவியலாளர் கீர்ட் டி நீவ் 1999இலேயே எழுப்பினார். இரண்டும்தான் என்பேன். ஆனால் கலியாணமும் ஆஸ்பத்திரியும் பாக்கியில் நடக்கும் வீட்டில், வருமானத்தை மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்தது. அந்தப் பணத்தைப் படிவத்தின் எந்தப் பத்தியில் எழுதுவது?

எண்ணே ஆதிக்கத்தின் மொழி, தூக்கியெறி என்று சில தோழர்கள் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. எண்ணை விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது முட்டை, லாரி, கொலுசு என்ற வளர்ச்சிப் பெருமிதம் மட்டுமே. முன்பு நடந்த வருமானக் கணக்கெடுப்புச் சோதனைகளில், மக்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவையும் சேமிப்பையும் விடக் குறைவாக வந்ததால் அந்த முயற்சிகள் கைவிடப்பட்டன. கடனில் ஓடுகிற வீட்டில் வேறெப்படி வரும்? நாடு தழுவிய முதல் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு 2026இல் நடக்கும் என 2025இல் அறிவித்தார்கள். சராசரியைக் கட்டுடைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது நம் வேலையல்ல. ஆளுக்கு ஆள் கேள், பாக்கியையும் கேள், நிலமில்லாதவரைத் தனியே எண்ணிக் காட்டு என்று கேட்பதுதான் வேலை.