அம்மா பேசி முடித்த பஞ்சாயத்து

குடும்பத் தொழிலில் சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அம்பானி சகோதரர்களை உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது.

திருபாய் அம்பானி 2002இல் உயில் எழுதாமல் இறந்தார். முகேஷ், அனில் சண்டையை 2005 ஜூனில் தாயார் கோகிலாபென் தீர்த்துவைத்தார். ரிலையன்ஸ் இரண்டானது. அதுவரை சரி. ஆனால் கிருஷ்ணா கோதாவரிப் படுகை எரிவாயுவை அண்ணன் தம்பிக்குத் தருவதையும் அந்தக் குடும்ப ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். பத்து லட்சம் பி.டி.யூ.வுக்குத் தம்பி கேட்ட விலை 2.34 டாலர், அரசு ஏற்றது 4.20. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குடும்பத்தார் தங்களுக்குள் எழுதிக்கொண்டது கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, விலையில் அரசு சொல்வதே செல்லும் என்று 2010 மேயில் தீர்ப்பு வந்தது.

சமரசம் தப்பில்லை. யாரை வைத்துப் பேசினார்கள் என்பதுதான் தப்பு. லட்சக்கணக்கான பங்குதாரர்களுக்கு விஷயமே தெரியாது. எரிவாயுவோ நாட்டுச் சொத்து. அதையும் சேர்த்துப் பாகம் பிரிச்சா எப்படி நிக்கும்? வீட்டுக்கு அம்மா சொல் போதும், கம்பெனிக்குப் போதாது. சமரசம் பேச உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இங்க யார் வரல?"