சிறுவாட்டுக்குக் கட்டம் எங்கே?

வீட்டுக் கணக்கு எழுதச் செயலி நல்லதா, எக்செல் தாள் நல்லதா என்று கேட்டால் பெரும்பாலும் வசதியைப் பற்றித்தான் பதில் வருகிறது. எது வேகம், எது இலவசம், எது அழகாக வரைபடம் போடும் என்று ஒப்பிடுகிறார்கள். நான் இரண்டையும் வேறு மூன்று கேள்விகளோடு வாசிக்கிறேன். எது செலவு, எது சேமிப்பு என்று பெயர் வைத்தது யார்? அந்தக் கணக்கை யாரெல்லாம் பார்க்க முடியும்? நாளை ஒரு பெண் தன் பங்கைக் கேட்டு நிற்கும்போது அது அவளுக்குச் சாட்சி சொல்லுமா?

முதலில் செயலி. இந்தியாவில் இவ்வகைச் செயலிகள் பல, வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களைப் படித்துத் தாமாகவே கணக்கு எழுதிக்கொள்ளும் முறையில் வளர்ந்தன. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் 78.6 விழுக்காடு. தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 விழுக்காடுதான். கணக்கு அவள் பெயரில் இருக்கும். பணம் வந்த செய்தி கணவனின் கைபேசிக்கோ மகனின் கைபேசிக்கோ போகும். அந்த வீட்டில் செயலி யாருடைய கையில் இருந்து கணக்கு எழுதும் என்று சொல்லத் தேவையில்லை.

சொந்தக் கைபேசி இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. நம் பணத்தில் ஒரு பெரும்பகுதி வங்கி வழியாகப் போகாது. ஏலச்சீட்டு, மகளிர் குழுத் தவணை, பால்காரர் பாக்கி, மொய் எல்லாம் ரொக்கம். செயலியின் கண்ணில் படுபவற்றுக்கும் அது தவறான பெயர் வைக்கிறது. நகைக்கடையில் கொடுத்த பணத்தை அது ‘ஷாப்பிங்’ என்கிறது. அவளுக்கோ அது சேமிப்பு, பல வீடுகளில் அவள் பெயர் சொல்ல இருக்கும் ஒரே சொத்து. வருமானவரித் துறைக்கே இது தெரியும். சோதனையின்போது மணமான பெண்ணிடம் 500 கிராம் வரையிலான நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994இலேயே அறிவுறுத்தியது. அதே நகையை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டும்போது, அடகுப் பணம் கணக்கில் ஏறியதும் செயலி அதை வரவு என்று எழுதக்கூடும். கடன் வரவாகிறது, சேமிப்பு செலவாகிறது. மொய்யின் கதையும் இதுதான். இன்று நாம் வைப்பது நாளை நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரவேண்டிய பணம். மொய் நோட்டு வைத்திருக்கும் பெண்களுக்கு இது தெரியும். செயலிக்கு அது ‘அன்பளிப்பு’.

சிறுவாடு என்ற சொல்லுக்குச் செயலியில் இடமே இல்லை. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம்பிடித்து அரிசி டப்பாவிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் வைத்த பணம் அது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அந்தப் பணத்தை வெளியே எடுத்து வீட்டு ஆண்களிடம் கொடுத்து மாற்ற வேண்டிய நிலை எத்தனையோ பெண்களுக்கு வந்தது. ஒளித்து வைத்த பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை அன்று பார்த்தோம். எல்லார் கண்ணுக்கும் தெரியும் பணம் நம் கையில் நிற்பதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. குடும்பம் முழுக்கப் பார்க்கும் ‘பகிர்ந்த கணக்கு’ வெளிப்படைத்தன்மை என்று விற்கப்படும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. கேள்வி கேட்கும் அதிகாரம் ஒருவர் கையில் மட்டும் இருக்கும் வீட்டில், வெளிப்படை என்பது மற்றவர் மீதான கண்காணிப்பு.

இலவசச் செயலிக்கும் ஒரு விலை உண்டு. எஸ்.எம்.எஸ். படித்துக் கணக்கு எழுதிய வால்நட் செயலியைக் கேபிடல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம் 2018இல் வாங்கியது. நம் செலவைத் தெரிந்தவருக்கு நம் முடை எந்தத் தேதியில் வரும் என்பதும் தெரியும். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மின்ட் செயலியை அதன் உரிமையாளரான இன்ட்யூட் 2024 மார்ச்சில் மூடியது. பல ஆண்டுக் கணக்கை அதில் வைத்திருந்தவர்கள், அதைத் தரவிறக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. நோட்டுப் புத்தகம் இப்படி நம்மை வெளியேற்றாது.

எக்செல் தாளும் நமக்காகப் பிறந்ததல்ல. 1979இல் வந்த விசிகால்க் முதலே இது வணிகக் கணக்குக்கான கருவி. ஆனாலும் அதன் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. தலைப்பை நாம்தான் எழுத வேண்டும். ‘மொய்: திரும்ப வரவேண்டியது’ என்றோ ‘சீட்டு: இன்னும் எடுக்காதது’ என்றோ எழுதினால் அது மறுக்காது. இன்று சந்தா கட்டிப் பயன்படுத்தும் புகழ்பெற்ற ஒய்னாப் செயலிகூட, 2004இல் ஒரு இளம் தம்பதி தங்கள் வீட்டுக்காகப் போட்டுக்கொண்ட தாளாகத்தான் தொடங்கியது. கையில் இருக்கும் பணத்தை முன்கூட்டியே வேலைவாரியாகப் பிரித்து வைப்பது அதன் முறை. வாடகைக்கு ஒரு கவர், பள்ளிக்கட்டணத்துக்கு ஒரு டப்பா என்று நம் வீட்டுப் பெண்கள் செய்துவந்ததும் அதேதான். ஒன்றுக்கு நிதி மேலாண்மை என்று பெயர் கிடைத்தது, மற்றதற்குச் சிக்கனம் என்ற பாராட்டோடு சரி.

தாளின் மீதும் எனக்குக் குறை உண்டு. அதை எழுத நேரம் வேண்டும். 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டது தெரிந்தது. அந்த 299 நிமிடத்தோடு கணக்கு எழுதும் வேலையையும் சேர்ப்பது எப்படி விடுதலையாகும்? மேலும், பணத்தை மட்டும் எழுதும் தாள், நாட்டின் கணக்கு செய்யும் அநீதியையே வீட்டிலும் செய்கிறது. சமைப்பதையும் பராமரிப்பதையும் உள்நாட்டு உற்பத்தியில் சேர்க்காத கணக்குமுறையை மர்லின் வாரிங் 1988இலேயே நூலாக எழுதி விமர்சித்தார். அறை எடுத்துத் தங்கும் மாணவிகளுக்கும் இது பொருந்தும். காய்கறிச் செலவைச் செயலி பைசா சுத்தமாக மூன்றாகப் பிரிக்கும். தினமும் நறுக்கிச் சமைத்தவள் யார் என்று கேட்காது.

ஆனாலும் நான் தாளின் பக்கம்தான். காரணம் மூன்றாவது கேள்வி. அவன் சம்பளம் வீட்டுக்கடன் தவணைக்கு, அவள் சம்பளம் மளிகைக்கும் பள்ளிக்கும் என்று பிரித்துக்கொண்ட வீடுகள் நிறைய. செயலியின் வட்டத்தில் இரண்டும் அழகான இரண்டு துண்டுகள். பதினைந்து ஆண்டு கழித்து வீடு அவன் பெயரில் இருக்கும். சாப்பிட்டு முடித்த அரிசிக்குப் பத்திரம் கிடையாது.

நீதிமன்றங்கள் இதைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் உத்தரவிட்டது. மாதச் செலவையும் அதில் காட்ட வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, இல்லத்தரசியின் வீட்டு உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்பே என்று கூறி, கணவர் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு எனத் தீர்ப்பளித்தார். உழைப்பை நீதிமன்றம் ஏற்கும் காலத்தில் அதைப் பற்றிய பதிவு நம்மிடம் இருப்பது நல்லது.

என் தாளில் தேதி, தொகை, காரணம் என்ற வழக்கமான மூன்றோடு இன்னும் நான்கு நிரல்கள் உண்டு. யார் கொடுத்தது, வாங்கிய பொருள் யார் பெயரில், ரசீது எங்கே, இதற்காக ஓடியவர் யார். தினமும் எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் போதும். அது எனக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லில் இருக்கிறது, மாதம் ஒருமுறை அச்செடுத்தும் வைக்கிறேன். கணினி இல்லாதவர்கள் இதையே நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதலாம்.

செயலி பயன்படுத்தும் தோழிகள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. அது எண்களைத் திரட்டித் தரட்டும். எது சேமிப்பு, எது கடன், எது யாருடையது என்ற தலைப்புகளை மட்டும் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். அதை நாமே எழுதுவோம்.