வால்வு டேக்கை மேம்படுத்தலாமா?

டிஜிட்டல் எண்களைக் கேட்கத்தக்க மின்னலையாக மாற்றித் தரும் பெட்டியை ஆடியோ ஆர்வலர்கள் டேக் என்பார்கள். அதன் வெளிவாயிலில் ஒன்றிரண்டு கண்ணாடி வால்வுகளைப் பொருத்தி விற்பது பல ஆண்டுகளாக நடந்துவரும் நல்ல வியாபாரம். வாங்கியவர்களுக்குச் சில மாதங்களில் கை அரிக்கத் தொடங்கும். வால்வை மாற்றலாமா, கெபாசிட்டரை மாற்றலாமா, சிப்பையே மாற்றலாமா என்று விசாரிப்பார்கள். மாற்றிய பிறகு பாட்டுக்குப் புது உயிர் வந்துவிட்டது என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த உயிர் எங்கிருந்து வந்தது என்று சோதிப்பதும் இல்லை. இந்தச் செலவுகளில் எது காதுவரை போகிறது, எது பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் வால்வு உட்கார்ந்திருக்கும் இடம். போலந்தின் லாம்பிசேட்டர் தயாரிப்புகளில் 300பி போன்ற பெரிய வால்வுகளே வெளியீட்டைச் சுமக்கின்றன. பார்டர்பெட்ரோல் டேக்கில் நிலைமை நேர் எதிர்: ஈஇஸட்80 வால்வு மின்வழங்கியில் ஏசியை டிசியாக மாற்றுவதோடு சரி, பாட்டு அதன் வழியே போவதே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சந்தையின் பெரும்பகுதி. அங்கே சிப் தரும் மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்குவது ஆப்-ஆம்ப் எனும் பெருக்கிச் சில்லு, வடிகட்டுவதும் அதுவே. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில், அலையை ஆம்புக்குக் கைமாற்றிவிடும் பஃபராக ஒரு வால்வு நிற்கும். 90 வோல்ட் அளவில் இயங்கவென்று வடிவமைத்த வால்வுக்கு மலிவு ரகங்களில் 12 முதல் 30 வோல்ட் வரைதான் கிடைக்கும். சிலவற்றில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு நிற எல்இடி ஒன்றையும் ஒளித்து வைத்திருப்பார்கள், இழையின் சிவப்பு போதவில்லை என்று. அந்த எல்இடி எரியும் பெட்டியில் வால்வுக்காக மேலும் ஒரு ரூபாய் செலவழிப்பதும் வீண்.

சரி, ஒழுங்காகச் செய்த பெட்டியே நம்மிடம் இருக்கிறது என்று கொள்வோம். வால்வு ஒலியை என்ன செய்கிறது? உள்ளே வரும் அலையைத் துளி வளைக்கிறது. வளைவதால் மேற்சுரங்கள் முளைக்கின்றன, அவற்றில் இரண்டாவது ஓங்கி நிற்கிறது. ஸட்ஜம் உள்ளே போனால் கூடவே மேல் ஸட்ஜம் கொஞ்சம் வரும். இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் வரும். ஸட்ஜம் 240 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 360 என்றால் கழித்தலில் கிடைக்கும் 120 கீழ் ஸட்ஜம். கூட்டலில் கிடைக்கும் 600 மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். தம்புரா மீட்டும்போது தானாகக் கேட்கும் என்று வித்வான்கள் சொல்லும் அதே காந்தாரம்தான். தம்புராவும் ஒரு குரலும் மட்டும் உள்ள கச்சேரிப் பதிவு வால்வில் இதமாக ஒலிக்கிறது என்பதற்கு இப்படி ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. அதே கணக்கு, நாற்பது வயலின்களும் பித்தளைக் கருவிகளும் சேர்ந்து முழங்கும் பதிவில் பொருந்தா ஒலிகளையும் பெருக்கிச் சேறாக்கும். ஆக வால்வின் இனிமை எல்லாப் பாட்டுக்கும் பொதுவான குணமல்ல, சில பாட்டுகளுக்கு மட்டும் வாய்க்கும் அதிர்ஷ்டம்.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே. ஒழுங்காக வடிவமைத்த வால்வு பஃபரில், டேக்குகள் வழக்கமாகத் தரும் 2 வோல்ட்டில், இந்தக் கலப்பு ஒரு சதவீதத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே நிற்கும். ஓடும் இசைக்கு நடுவே அவ்வளவு சிறிய இரண்டாம் மேற்சுரத்தைக் காது பிடிப்பது மிக அரிது. அடுத்து வரும் ஸ்பீக்கரோ சத்தமான ஆழ்ந்த சுரங்களில் தன் பங்குக்கு ஒரு சதவீதமோ அதற்கு மேலோ கலக்கிறது. பொறியாளர் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறாரோ அவ்வளவுக்கு வால்வின் குரல் மறைந்துபோகும். மின்னழுத்தம் தராமல் பட்டினி போட்ட வால்வில்தான் அது உரக்கக் கேட்கும். வால்வு டேக்கை மேம்படுத்துவதில் உள்ள அடிப்படை முரண் இதுதான்.

பவர் ஆம்பில் வால்வுக்கு இருக்கும் செல்வாக்கு இங்கே கிடையாது. 1985இல் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் இதழ்காரர்களுக்கு ஒரு சவால் விட்டார். அவர்கள் விரும்பித் தேர்ந்த விலையுயர்ந்த வால்வு ஆம்பின் ஒலியை, தன் ட்ரான்ஸிஸ்டர் ஆம்பைத் திருத்தி அப்படியே கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னார். சாண்டா ஃபே நகர விடுதி அறையில் உட்கார்ந்து, இரண்டு ஆம்புகளின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய 70 டெசிபெல் கீழே போகும்வரை திருத்தினார். கேட்டவர்களால் அதன்பிறகு பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைச் சொல்பவர்கள் வழக்கமாக வால்வைக் கிண்டல் செய்யவே சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொரு பாடம் தெரிகிறது. வால்வு ஆம்பின் குணத்தில் பெரும்பங்கு, அதன் வெளியீட்டு மின்தடை ஸ்பீக்கரின் ஏறியிறங்கும் மின்தடையோடு மோதுவதால் வருவது. டேக்குக்கு அப்படி எதிராளியே இல்லை. அது பார்ப்பது ஆம்பின் உள்வாயிலை மட்டும், அங்கே பத்தாயிரம் ஓமோ அதற்கு மேலோ அசையாமல் நிற்கிறது. வால்வை அதன் வித்தை குறைவாகப் பலிக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

அப்படியானால் பலர் கேட்கும் அந்த வெதுவெதுப்பு? கணிசமான பங்கு வடிகட்டியைக் கழற்றுவதால் வருவது என்பது என் கணிப்பு. பிலிப்ஸ் தன் டிடிஏ1541 சிப்பை மாதிரிகளை நான்கு மடங்காக்கும் ஓவர்சாம்ப்ளிங் வடிகட்டியோடு சேர்த்தே பயன்படுத்தியது. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் ரியோஹெய் குசுனோகி போன்றவர்கள் அந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் கேட்கச் சொன்னார்கள். வால்வு டேக் செய்பவர்களில் பலர் அந்த வழியே போகிறார்கள். வடிகட்டியும் ஈடுசெய்யும் திருத்தமும் இல்லாதபோது சிடி பதிவில் 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெலும் 20,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபெலுக்குச் சற்று மேலும் ஒலி இறங்குகிறது. கூர்மை மழுங்கியது காதுக்கு இதமாகத் தெரியும். பாராட்டு முழுவதும் கண்ணில் படும் வால்வுக்குப் போய்விடும்.

இனி மாற்றல்களுக்கு வருவோம். வால்வை வால்வால் மாற்றுவதுதான் எளிது, ஆகவே அதிகம் நடப்பது. ஈசிசி88 ஒரு காலத்தில் தொலைக்காட்சி ட்யூனருக்காகச் செய்த வால்வு. டெலிஃபங்கன், சீமென்ஸ், ஆம்பெரெக்ஸ் முத்திரை கொண்ட பழைய கையிருப்புகளுக்கு இன்று நகைக்கடை விலை; முத்திரையை அழித்து வேறு முத்திரை குத்திய போலிகளும் தாராளம். புதியவை ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சராட்டோவ் ஆலை, சீனா ஆகிய இடங்களிலிருந்து வருகின்றன. 2022இல் ரஷ்ய ஏற்றுமதிக்குத் தடை என்ற செய்தி பரவியபோது விலை ஒரே தாவாகத் தாவியது. ஒரே எண் கொண்ட நல்ல நிலையிலுள்ள இரண்டு வால்வுகளுக்கு நடுவே பஃபரில் கேட்கத்தக்க வேறுபாடு இருப்பது அபூர்வம். வேறு எண்ணைச் செருகுவது விளையாட்டல்ல. ஈசிசி82 இருந்த இடத்தில் ஈசிசி83 பொருந்தும்; ஆனால் பெருக்கம் 17 அளவிலிருந்து 100க்குப் போகும், உள்மின்தடையும் பல மடங்காகும். ஈசிசி88 இடத்தில் இவை இரண்டுமே கூடாது, ஹீட்டர் இணைப்பே வேறு.

கெபாசிட்டரில் விஷயம் இருக்கிறது, ஆனால் விற்பவர்கள் சொல்லும் விஷயமல்ல. வால்வின் டிசியைத் தடுத்து இசையை மட்டும் வெளியே விடும் அந்தக் கெபாசிட்டரும் ஆம்பின் உள்மின்தடையும் சேர்ந்து தாழ்சுரங்களுக்கு ஒரு வாசற்படி கட்டுகின்றன. 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 47,000 ஓம் ஆம்ப் என்றால் படி 7 ஹெர்ட்ஸில், கவலையில்லை. அதே டேக்கை 10,000 ஓம் உள்வாயில் கொண்ட நவீன ஆம்பில் செருகினால் படி 34 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அங்கே 3 டெசிபெல் போய்விடும். சிம்ஃபனியின் அடிநாதமும் பெரிய ட்ரம்மும் மெலிந்து கேட்கும். 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் படி மறுபடி 7க்கு இறங்கும். சாதாரண பாலிப்ரொப்பிலீன் போதும். வெள்ளித் தகடும் எண்ணெயும் அடைத்த ஆடம்பரங்கள் அளவை மாற்றுவதில்லை, விலையை மட்டும் மாற்றுகின்றன. மின்வழங்கியின் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களோ வால்வின் சூட்டுக்குப் பக்கத்திலேயே வேகின்றன. பெட்டி பழையதாகி 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் அவற்றை மாற்றுவது நியாயமான பழுதுபார்ப்பு. அணைத்த பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும், தெரிந்த கையிடம் கொடுப்பது நல்லது.

ஆப்-ஆம்ப் மாற்றும் மோகத்தைப் பற்றி ஒரு வரி போதும்: நாம் கேட்கும் பதிவுகளில் ஏராளமானவை ஸ்டூடியோ மிக்ஸர்களில் டஜன் கணக்கான என்இ5532, 5534 ஆப்-ஆம்ப்களைத் தாண்டி வந்தவை, வீட்டில் இன்னும் ஒன்றைத் தாண்டுவதால் குடிமுழுகிப் போகாது.

புதிய சிப்புக்கும் உயர்தரக் கோப்புகளுக்கும் மாறுவதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது, அங்கே சோதனைகள் நடந்திருக்கின்றன. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரத் தட்டுகளை நேரடியாகவும், நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். 554 முறையில் 276 முறைதான் சரியான விடை, காசைச் சுண்டினாலும் அதே அளவுதான் கிடைக்கும். 2016இல் ஆய்வாளர் ஜோஷுவா ரீஸ் 18 சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டு 52.3 சதவீதம் என்றார். புள்ளியியல்படி அது சூனியமல்ல, சிறு வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஆனால் சோதனையில் கவனம் குவித்துத் தேடியும் சராசரியாக இவ்வளவுதான் என்றால், சமையலறை மிக்ஸி ஓடும் வீட்டில் அதற்குப் பணம் கொட்டுவதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஏமாற்றுக்காரன் ஒருவன் உண்டு: சத்தத்தின் அளவு. வெளியீடு 2 வோல்ட்டிலிருந்து 2.5 வோல்ட்டாக ஏறினால் அது கிட்டத்தட்ட 2 டெசிபெல். காது அதைச் சத்தமாக உணராது, செழுமையாக உணரும். ஆகவே எந்த மாற்றலையும் தீர்ப்பிடும் முன் 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரால் இரண்டு வெளியீடுகளையும் 20 மில்லிவோல்ட்டுக்குள் சமப்படுத்த வேண்டும். பிறகு எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நான் சாட்சியாக ஏற்க மாட்டேன், என்னுடையதாக இருந்தாலும்.

எதிர்த்தட்டில் அறையை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸில் அலை தங்கி நிற்கும். அங்கே பத்து டெசிபெல் ஏற்றமோ இறக்கமோ வருவது சாதாரணம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்துவதன் விளைவு எந்த வால்வு மாற்றத்தையும் விழுங்கிவிடும்.

என் தீர்ப்பு இது. வால்வு டேக்கைப் பழுதுபார்க்கலாம், ஆம்போடு பொருத்திச் சரிசெய்யலாம். அதற்கு மேல் மேம்படுத்த அதில் ஏதுமில்லை. தெளிவு வேண்டுமென்றால் வால்வில்லாத சாதாரண நவீன டேக்கே அதை மலிவாகத் தரும். வால்வின் குணம்தான் வேண்டுமென்றால் அந்தப் பணம் வால்வு பவர் ஆம்புக்குப் போகட்டும், அங்கே அது ஸ்பீக்கரோடு பேசும். சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டும் ஒருவருக்குத் தன் வால்வு டேக்தான் பிடிக்கிறதென்றால் அதில் குறை காண ஒன்றுமில்லை. அவர் செய்ய வேண்டியது அதே எண் கொண்ட புது வால்வு ஜோடி ஒன்றை இப்போதே வாங்கி அலமாரியில் வைப்பது. ஸ்லோவாக்கியச் சரக்கே போதும்.