ஆறு வருஷம் ஓடிய டூப்ளிகேட்

புதிதாக வாங்கிய வாட்ச்சுக்கு விமர்சனம் எழுதுவது சுலபம். டப்பாவைத் திறந்து, பிளாஸ்டிக் தாளை உரித்து, கையில் கட்டிப் பார்த்து, 'ஃபினிஷிங் பிரமாதம்' என்று எழுதிவிடலாம். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும்போதே சாப்பாட்டுக்கு மார்க் போடுகிற மாதிரி.

டூப்ளிகேட் வாட்ச்சுக்கு இந்த முதல் நாள் மார்க் ரொம்பவே தாராளமாக விழும். அது முதல் நாளுக்காகவே செய்யப்படுவது. விற்கிற நிமிஷத்தில் அசல் மாதிரித் தெரிந்தால் செய்தவருடைய வேலை முடிந்தது. அதனால் அதை நியாயமாக எடைபோட ஒரே வழி, சில வருஷம் கட்டிவிட்டு அப்புறம் பேசுவதுதான். அப்படி ஒன்று சமீபத்தில் என் கைக்கு வந்தது.

நண்பர் ஒருவருடையது. 2018-ல் வியாபார விஷயமாகச் சீனாவின் குவாங்ஜோ போனபோது வாங்கியிருக்கிறார். அந்த ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடிகாரச் சந்தை இருக்கிறது. மாடி மாடியாகக் கடைகள். கறுப்பு டயல் போட்ட ரோலெக்ஸ் சப்மரீனர். நம் காசுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய். அசல் பல லட்சம். ஆறு வருஷம் தினமும் கட்டியாயிற்று. இப்போது ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பின்தங்குகிறது. "பாத்து ஒரு அபிப்பிராயம் சொல்லுப்பா" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் பாராட்டிவிடுவோம். ஒரு காலத்தில் பர்மா பஜாரில் விற்ற 'ரோலெக்ஸ்' உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே பாட்டரி. நொடிமுள் டிக், டிக் என்று ஒவ்வொரு நொடிக்கும் ஒரு குதி குதிக்கும். அசல் சப்மரீனரில் பாட்டரி கிடையாது. அதன் நொடிமுள் ஒரு நொடியை எட்டாகப் பிரித்து எட்டு குட்டி அடி வைப்பதால், வழுக்கிக்கொண்டு போகிற மாதிரித் தெரியும். அந்தக் கால டூப்ளிகேட்டைப் பத்தடி தூரத்திலிருந்தே பிடித்துவிடலாம்.

இந்த வாட்ச் அந்த ஜாதி இல்லை. 'ஃபர்ஸ்ட் காப்பி' என்கிறார்களே, அது. தானாகச் சாவி ஏறும் மெஷின். கண்ணாடி நிஜமாகவே சஃபையர். ஆறு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. ஸ்டீல் நல்ல ஸ்டீல். டயலில் எழுத்துகள் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் நேராக நிற்கின்றன. இதைச் செய்த கைக்குத் தொழில் தெரியும். அதை ஒப்புக்கொள்ளாமல் திட்டுவது நேர்மையில்லை.

சரி, ஆறு வருஷம் என்ன செய்தது?

சப்மரீனரின் முகத்தைச் சுற்றி எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். அழகுக்கு என்று நினைக்கிறோம். 1953-ல் இந்த வாட்ச்சை உருவாக்கியது கடலுக்குள் மூழ்குகிறவர்களுக்காக. இறங்கும்போது வளையத்தின் முனையை நிமிஷமுள்ளுக்கு நேராகத் திருகிவைத்தால், எத்தனை நிமிஷம் தண்ணீருக்குள் இருக்கிறோம் என்று தெரியும். சிலிண்டரில் காற்று தீருவதற்குள் மேலே வந்துவிடலாம். இன்றைய சப்மரீனரில் அந்த வளையம் ஒரு பக்கமாக மட்டுமே சுற்றும். பாறையில் இடித்துத் தற்செயலாகத் திரும்பினாலும், கழிந்த நேரத்தைக் கூடுதலாகத்தான் காட்டும். ஆள் சீக்கிரம் மேலே வருவார், அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் சுற்றினால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நம்பி உள்ளேயே இருந்துவிடுவார்.

நண்பருடைய வாட்ச்சில் மூன்றாவது வருஷத்திலிருந்து வளையம் இரண்டு பக்கமும் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் தகடு தேய்ந்துவிட்டது. நண்பர் மூழ்குவது அதிகபட்சம் ஃபைல்களில். அதனால் ஆபத்தில்லை. ஆனால் அந்த வளையம் எதற்காக இருக்கிறது என்கிற காரணம் மட்டும் காணாமல் போய்விட்டது பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. ரோலெக்ஸுக்கு இது மானப் பிரச்னை. 1927-ல் மெர்சிடிஸ் க்ளைட்ஸே என்கிற ஆங்கிலேயப் பெண் இங்கிலீஷ் கால்வாயில் நீந்தியபோது அவர் கழுத்தில் ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் வாட்ச் தொங்கியது. குளிர் தாங்காமல் அவரால் அந்த முறை கடக்க முடியவில்லை. மணிக்கணக்கில் நனைந்த வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் கம்பெனி முழுப்பக்க விளம்பரம் போட்டது. நம் வாட்ச்சுக்கு இங்கிலீஷ் கால்வாய் வேண்டாம். வடபழனியில் ஒரு நவம்பர் மழை போதுமாக இருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி. அன்றிலிருந்து கை கழுவும்போதெல்லாம் அதைக் கழற்றி வைத்திருக்கிறார்.

பாரிமுனைப் பக்கம் நாற்பது வருஷமாக வாட்ச் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸைச் செருகிப் பின்மூடியைக் கழற்றினார்.

"மெஷின் ஜப்பான் மியோட்டா மாதிரி, ஆனா சீனாக் காப்பி சார். ஓட்டத்துல குத்தமில்ல. ஆயில் காஞ்சுபோச்சு."

"சர்வீஸ் பண்ணிடலாமா?"

"மெஷினையே புதுசா மாத்திடலாம், அது கெடைக்கும். ஆனா சாவி திருகுற மரை தேஞ்சிருக்கு. ரப்பர் வளையம் நசுங்கிருச்சு. இந்தப் பாடிக்கு அளவா ஸ்பேர் எங்கே போறது? இதைச் செஞ்சவன் கடையை மூடிட்டு வேற மாடல் போட்டுக்கிட்டிருப்பான்."

பாய் சொன்னதைக் கொஞ்சம் விளக்குகிறேன். இந்த மெஷின் ஒரு நொடிக்கு ஆறு அடி அடிக்கிறது. மணிக்கு 21,600. ஒரு நாளைக்கு 5,18,400. நிற்காமல் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 19 கோடி, ஆறு வருஷத்தில் 113 கோடி. இத்தனை அடியும் கடுகைவிடச் சின்னச் சிவப்புக் கற்களின் குழிகளில், துளித்துளி எண்ணெயின் மேல் நடக்கிறது. எண்ணெய் காய்ந்தால் உராய்வு. உராய்ந்தால் சக்கரத்தின் ஆட்டம் தளரும். ஆட்டம் தளர்ந்தால் நேரம் தப்பும். அசலிலும் எண்ணெய் காயத்தான் செய்யும். ஸ்விஸ்காரனுக்குத் தனிக் கடவுள் கிடையாது. வித்தியாசம், காய்ந்தபிறகு எங்கே போவது என்பதில். அசலுக்கு 2015-லிருந்து ஐந்து வருஷ உத்தரவாதம் தருகிறார்கள். அதற்கப்புறமும் ஸ்பேர் உண்டு, சர்வீஸ் உண்டு. காசு கேட்பார்கள், ஆனால் ஆள் இருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு வாசகர் கை தூக்குவது தெரிகிறது. "நேரம் பார்க்கத்தானே சார் வாட்ச்?"

நல்ல கேள்வி. பதில் ரோலெக்ஸுக்கும் சங்கடமானது. அசல் ரோலெக்ஸ் ஒரு நாளைக்கு இரண்டு நொடிக்கு மேல் முன்பின் போகாது என்று கம்பெனி சொல்கிறது. சிலநூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கே பதினைந்து, இருபது நொடிதான் தப்பும். அதற்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஸ்பிரிங்கும் சக்கரமும் அதோடு போட்டி போட முடியாது. ஜப்பானின் செய்கோ 1969 டிசம்பரில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த அன்றே அந்தப் பந்தயம் முடிந்துவிட்டது.

அப்படியானால் லட்சக்கணக்கில் எதற்குக் கொடுக்கிறார்கள்? இரண்டு விஷயத்துக்கு. ஒன்று அந்தஸ்து. இன்னொன்று, ஐம்பது வருஷம் கழித்தும் திறந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி ஓடவைக்கலாம் என்கிற வாக்குறுதி. டூப்ளிகேட் முதலாவதை மட்டும் காப்பி அடிக்கிறது. முகத்தைக் காப்பி அடிக்கலாம். வாக்குறுதியை எப்படிக் காப்பி அடிப்பது?

அந்தஸ்தாவது நின்றதா என்று நண்பரைக் கேட்டேன். சிரித்தார். ரோலெக்ஸ் தெரியாதவர்களுக்கு அது ஒரு கறுப்பு வாட்ச். தெரிந்தவர்கள் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாலே இவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வாராம். ஆக, காட்டுவதற்காக வாங்கிய பொருளை ஆறு வருஷம் பாதி மறைத்தே கட்டியிருக்கிறார். ஒரு வாட்ச்சின் தரத்தைச் சொல்ல இதைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அதைவிடச் சிக்கலான சமாசாரம் கடைசியில் வந்தது. அவர் பையனுக்குக் கல்யாணம். "அப்பா, ரிசப்ஷனுக்கு உன் ரோலெக்ஸை எனக்குக் குடுத்துடேன்" என்று கேட்டிருக்கிறான். அசல் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். இவர் இதுவரை பொய் சொன்னதில்லை. யாரும் கேட்காததால் சொல்லவில்லை. ரிப்பேர் செய்து கொடுத்துவிடலாமா என்பதுதான் உண்மையில் என்னிடம் கேட்க வந்த கேள்வி.

பாயின் பெஞ்சில் இதற்கு ஸ்பேர் கிடைக்காது. என் அபிப்பிராயம்: ஓடவைத்துக் கொடுக்கலாம், உண்மையையும் சேர்த்துக் கொடுத்தால். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதே மாதிரி வாட்ச்சுகள் வேறு பலரிடமும் இருந்தன. அந்த விலை அவர் கட்டியதற்காக. அப்பா ஆறு வருஷம் கட்டிய வாட்ச் என்பது நூறு சதவிகிதம் அசல். டயலில் இருக்கும் கிரீடம்தான் பொய். இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டால் பையன் அதைச் சந்தோஷமாகவே கட்டலாம். சொல்லாமல் கொடுத்தால், அவன் என்றைக்காவது ஒரு சர்வீஸ் சென்டரில் நீட்டி, நாலு பேர் முன்னால் தெரிந்துகொள்வான். அப்போது சந்தேகம் வாட்ச்சோடு நிற்காது.

இனி பதினெட்டாயிரத்துக்கு வருவோம். அந்தக் காசுக்குச் சொந்தப் பெயரோடு என்னென்ன கிடைக்கும்? தானாகச் சாவி ஏறும் செய்கோ, சிட்டிசன் வாட்ச்சுகள் கிடைத்தன. நம்ம ஓசூர்க்காரர்களின் டைட்டன் இருக்கிறது. 2002-ல் எட்ஜ் என்று 3.5 மில்லிமீட்டர் தடிமனில் வாட்ச் போட்டுக் காட்டியவர்கள். சப்மரீனர் தோற்றம்தான் வேண்டும் என்றால், அதே பாணியில் செய்து தன் பெயரையே டயலில் போடும் கம்பெனிகளும் உண்டு. தோற்றத்தைக் கடன் வாங்குவதற்கும் கையெழுத்தைத் திருடுவதற்கும் தூரம் அதிகம். பெயர் போட்டவன் கெட்டுப்போனால் திட்டு வாங்குவான் என்று பயப்படுவான். அந்தப் பயம்தான் ரப்பர் வளையத்தைச் சரியாக வைக்கச் சொல்கிறது. அடுத்தவன் பெயரைப் போட்டவனுக்கு என்ன பயம்?

சிட்டிசன் உதவியோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. கம்பெனி போயும், தாத்தாவின் ஜனதாவையும் பைலட்டையும் பாய் இன்றும் சர்வீஸ் செய்து தருகிறார். மெஷின் எல்லோருக்கும் தெரிந்தது; ஸ்பேர் எங்கோ ஒரு டப்பாவில் கிடைக்கிறது. (ஜாக்கிரதை: பழைய எச்.எம்.டி. மெஷினில் கலர் கலராகப் புது டயல் ஒட்டி 'அசல்' என்று விற்பதும் நடக்கிறது.)

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1999-ம் வருஷத்து வணிகக் குறிகள் சட்டத்தின் 104-வது பிரிவு, போலிப் பெயர் போட்ட சரக்கை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. கட்டுகிறவரைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் பேசவில்லை. அவருக்கான தண்டனை தவணை முறையில், சட்டைக் கையை இழுத்துவிடுவதில் கழிகிறது.

ஆக, மார்க். கண்ணாடி, ஸ்டீல்: பத்துக்கு எட்டு. மெஷின்: நாலு. வளையம்: ஒன்று. தண்ணீர்: பூஜ்யம், எழுதியிருக்கும் 300 மீட்டருக்காக மைனஸ் போட்டாலும் தகும். 'பார்த்தால் அசல் மாதிரியே இருக்கிறது' என்பதற்கு மார்க் இல்லை. அது வாட்ச்சின் குணமே இல்லை, பார்க்கிறவரின் கண்.

அடுத்த முறை யாராவது ஃபர்ஸ்ட் காப்பியை நீட்டி, "வித்தியாசமே தெரியாது சார்" என்றால் டயலைப் பார்க்காதீர்கள். "இது நின்றுபோனால் யாரிடம் வருவது?" என்று மட்டும் கேளுங்கள். பெயரும் விலாசமும் கிடைத்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். கிடைக்காது.