திருகோணமலையின் பெருமூச்சு

திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே ஆழமாக இறங்குகிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலம் ஊருக்கு இத்தனை பக்கத்தில் வருகிறது. காற்று எழுமுன், விடியலிலேயே படகேற வேண்டும். முதலில் தெரிவது மூச்சுதான். தென்னை உயரத்துக்கு நேராக எழுந்தால் நீலத் திமிங்கிலம். இடப்பக்கமாக முன்னோக்கிச் சாய்ந்தால் ஸ்பெர்ம் திமிங்கிலம். அதன் மூக்குத்துளை தலையின் இடது ஓரத்தில் இருக்கிறது. வால் தூக்கி மூழ்கிய இடத்தில் அலையே இல்லாத வழவழப்பான வட்டம் ஒன்று கொஞ்ச நேரம் நிற்கும். எனக்கு வாலைவிட அதுதான் பிடிக்கும். துரத்தாமல், எஞ்சினை அடக்கிக் காத்திருக்கும் படகோட்டியே கெட்டிக்காரர். அந்த இடைவேளையில் ஓங்கில்கள் கூட்டமாக வந்துவிட்டால் யோகம்தான்: ஒரே துள்ளலில் பம்பரமாய் ஏழு சுற்றுவரை சுற்றும் வகை அது!